மெய்நிகர் நினைவகம்: நான் செய்த தப்பும் கற்ற பாடமும்



இந்த வாரக் கணினிப் பகுதியை எழுதும் முறை என்னுடையது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது நானாக எடுத்துக்கொண்ட தலைப்பு இல்லை. போன மாதம் ஆய்வகத்தில் நடந்த கூத்துக்கு நான்தான் காரணம் என்று சாரிடம் போய்ச் சொன்னேன். சார் திட்டவில்லை. "என்ன செஞ்சே, ஏன் அப்படி ஆச்சுன்னு புரிஞ்சுக்கிட்டு எழுதி ஒட்டும்மா. இனிமே வேற யாரும் அதைச் செய்யக் கூடாது" என்றார். அதனால் இந்தப் பாடம்.

நடந்தது என்ன?

நம் ஆய்வகத்தில் 15 திரைகள் இருந்தாலும் கணினி ஒன்றுதான். 6-ஆம் வகுப்புத் தம்பி தங்கைகளுக்கு இது தெரியாமல் இருக்கலாம். மூலையில் இருக்கிற சர்வர்தான் எல்லாத் திரைகளுக்கும் வேலை செய்கிறது. அதில் ரேம் 8 ஜிபி. இயக்க அமைப்பு விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. அதற்கு வழக்கமான ஆதரவு 2023 அக்டோபர் 10-ல் முடிந்துவிட்டது. அதனால் சார் அதை இணையத்தோடு இணைப்பதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், சி டிரைவில் இடம் இல்லை என்று சர்வர் எச்சரித்தது. சார் பயிற்சிக்குப் போயிருந்தார். ஆய்வகச் சாவி என்னிடம். எது இடத்தை அடைக்கிறது என்று தேடினேன். மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டச் சொன்னதும் 'பேஜ்ஃபைல்.சிஸ்' என்று ஒன்று வந்தது. அளவு 8 ஜிபி! யாரும் திறக்காத, யாரும் உருவாக்காத கோப்பு. குப்பை என்று முடிவு கட்டினேன். அதை நேரடியாக அழிக்க முடியவில்லை. அமைப்புகளில் தேடிப் போய் 'நோ பேஜிங் ஃபைல்' என்பதைத் தேர்வு செய்தேன். சர்வர் ஒரு எச்சரிக்கை காட்டியது. படிக்காமல் 'யெஸ்' கொடுத்தேன். ரீஸ்டார்ட் ஆனதும் 8 ஜிபி இடம் திரும்பி வந்தது. நானும் என் தோழியும் 6 திரைகளைப் போட்டுப் பார்த்தோம். நன்றாகவே ஓடியது. பெரிய சாதனை செய்த நினைப்பில் வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை 11-ஆம் வகுப்பு முழுசாக வந்து உட்கார்ந்தது. 15 திரைகளும் நிறைந்தன. 11.20 மணிக்கு 'நினைவகம் போதவில்லை, நிரல்களை மூடவும்' என்ற செய்தி வந்தது. மூடுவதற்குள் சில திரைகளில் நிரல்கள் தாமாகவே மூடிக்கொண்டன. அறிவியல் கண்காட்சிக்காக ஊர்க் கிணறுகளைப் பற்றி இரண்டு பீரியடாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்த ஒரு தங்கையின் கட்டுரை போயே போச்சு. இடையில் அவள் ஒருமுறைகூடச் சேமிக்கவில்லை. அன்றைக்கே கொடுத்தாக வேண்டும்.

அவள் அழவில்லை. நோட்டை முதல் பக்கத்திலிருந்து திருப்பி மறுபடி ஆரம்பித்தாள். அன்று 6 திரைகளை மட்டும் போட்டு ஓட்டினோம். மதியம் நான் வாசிக்க, அவள் அடித்தாள். இரண்டு பேரும் சாப்பிடவில்லை. முடிந்ததும், "அக்கா, எதனால போச்சு?" என்று கேட்டாள். "தெரியலையே" என்றேன். அது பொய். மறுநாள் சார் வந்ததும் நேராக அவரிடம் போய்விட்டேன்.

1. மெய்நிகர் நினைவகம் என்றால் என்ன?

உங்கள் வீட்டுச் சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். கைக்கு எட்டுகிற மேடையில் அன்றாடப் பாத்திரங்கள் இருக்கும். பொங்கலுக்கு மட்டும் எடுக்கிற பெரிய அண்டா பரணில் இருக்கும். வேண்டும்போது ஏணி போட்டு இறக்குவோம், வேண்டாதபோது ஏற்றுவோம். மேடைதான் ரேம். பரண்தான் வன்தட்டில் இருக்கும் பேஜிங் ஃபைல்.

கணினி நினைவகத்தைச் சிறு சிறு 'பக்கங்களாக'ப் பிரித்துக்கொள்கிறது. ஒரு பக்கம் 4 கேபி, அதாவது 4,096 பைட். நம் 8 ஜிபி ரேமில் இப்படி 20,97,152 பக்கங்கள். வெகு நேரமாகத் தொடாத பக்கத்தை வன்தட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தை இப்போது தேவைப்படுகிறவருக்குக் கொடுக்கும். எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியலும் வைத்திருக்கும். நிரலுக்கு இது எதுவும் தெரியாது. எல்லாமே தன் கைக்கெட்டும் இடத்தில்தான் இருக்கிறது என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். இல்லாத நினைவகம் இருப்பதுபோலத் தோன்றுவதால்தான் 'மெய்நிகர்' என்று பெயர்.

இது புதுசு இல்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் குழுவினர் உருவாக்கிய அட்லஸ் கணினியில், 1962-லேயே இந்த முறை இருந்தது. அதன் முதன்மை நினைவகம் 16,384 சொற்கள். சுழலும் காந்த உருளையில் இன்னும் 98,304 சொற்கள். இரண்டும் சேர்ந்து ஒரே நினைவகம் போலத் தெரியும்படி செய்தார்கள். ஒரு பக்கத்துக்கு 512 சொற்கள்.

2. துண்டு போட்டு இடம் பிடிப்பது

என் தப்பைப் புரிந்துகொள்ள இந்தப் பகுதிதான் முக்கியம். கவனமாகப் படியுங்கள்.

திருவிழா நாளில் பஸ் வந்ததும் என்ன செய்வோம்? ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போம். ஆள் இன்னும் ஏறவில்லை, ஆனால் அந்த சீட் அவருடையது. நிரல்களும் இப்படித்தான். ஒரு நிரல் திறந்தவுடனே "எனக்கு 500 எம்பி வேண்டும்" என்று துண்டு போட்டுவிடும். அதில் பாதியைத்தான் உண்மையில் பயன்படுத்தும். ஆனால் விண்டோஸ் கண்டிப்பானது. போடப்பட்ட ஒவ்வொரு துண்டுக்கும் எங்கேயாவது ஒரு சீட் உறுதியாக இருக்க வேண்டும். ரேமில் இல்லாவிட்டால் பேஜிங் ஃபைலிலாவது இருக்க வேண்டும். இப்படிப் போட்ட துண்டுகளின் மொத்தத்துக்கு 'கமிட் சார்ஜ்' என்று பெயர். மொத்த சீட்டுகளுக்கு 'கமிட் லிமிட்' என்று பெயர்.

கமிட் லிமிட் = ரேம் + பேஜிங் ஃபைல்.

இப்போது நம் கணக்குக்கு வருவோம். சர்வரில் விண்டோஸ் பயன்படுத்தக் கிடைப்பது 7.9 ஜிபி. சர்வரின் சொந்த வேலைக்கு சுமார் 1.9 ஜிபி. மீதி 6 ஜிபி. ஒரு திரைக்கு சுமார் 500 எம்பி என்றால் 12 திரைகளுக்குத்தான் வரும். பேஜிங் ஃபைல் இருந்தவரை அந்த 8 ஜிபியும் கணக்கில் சேர்ந்து 15 திரைகளும் தாங்கின. நான் அதை எடுத்ததும் 13-ஆவது திரைக்குத் துண்டு போட இடம் இல்லை. வெள்ளிக்கிழமை 6 திரைகளில் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்ததற்கும் இதுதான் காரணம்.

ஆக, பேஜிங் ஃபைலில் அன்றைக்கு ஒரு பக்கம்கூட எழுதப்படாமல் இருக்கலாம். அப்போதும் அது சும்மா கிடக்கவில்லை. கொடுத்த வாக்குக்கு ஜாமீனாக நிற்கிறது. நான் குப்பை என்று நினைத்தது அந்த ஜாமீனைத்தான்.

(லினக்ஸில் இதற்கு 'ஸ்வாப்' என்று பெயர். வழக்கமான அமைப்பில் லினக்ஸ் நம்ம ஊர் டவுன் பஸ் கண்டக்டர் மாதிரி. சீட்டைவிட அதிகமாகவே டிக்கெட் கொடுக்கும். உண்மையிலேயே இடம் தீர்ந்துபோனால் ஏதாவது ஒரு நிரலை நிறுத்திவிடும்.)

3. அப்படியானால் பரணைப் பெரிதாக்கிக்கொண்டே போகலாமா?

நானும் சாரிடம் இதைத்தான் கேட்டேன். "பரண் பெருசாச்சுன்னா மேடை பெருசாயிடுமா?" என்று திருப்பிக் கேட்டார்.

ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நானோ விநாடி. சுழலும் வன்தட்டில் தேடி எடுக்க ஏறத்தாழ 10 மில்லி விநாடி. வித்தியாசம் ஒரு லட்சம் மடங்கு! மேடையிலிருந்து கரண்டியை எடுக்க 1 விநாடி ஆகிறது என்றால், பரணிலிருந்து எடுக்க 27 மணி 46 நிமிடம் ஆகும். எஸ்எஸ்டி இதைவிடப் பல மடங்கு வேகம், ஆனால் அதுவும் ரேம் ஆகாது.

எல்லா நிரல்களும் ஒரே நேரத்தில் மும்முரமாக இயங்கி, ரேம் போதாவிட்டால், ஏற்றுவதும் இறக்குவதுமே வேலையாகிவிடும். சமையல் நடக்காது. இதற்கு 'த்ராஷிங்' என்று பெயர். இது ஏன் வருகிறது, எப்படித் தடுப்பது என்று அமெரிக்காவின் பீட்டர் டென்னிங் 1968-லேயே ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். அடையாளம் என்ன? வன்தட்டு விளக்கு அணையாமல் எரியும், மவுஸ் ஒட்டிக்கொண்டு நகரும், ஆனால் சிபியு மட்டும் சும்மா இருக்கும். இதற்கு மருந்து ரேம் சேர்ப்பது, இல்லாவிட்டால் நிரல்களைக் குறைப்பது. பேஜிங் ஃபைலைப் பெரிதாக்குவது மருந்து அல்ல.

4. அளவை எப்படி முடிவு செய்வது?

'ரேமைப் போல ஒன்றரை மடங்கு' என்று பழைய புத்தகங்களில் இருக்கும். ரேம் சிறிதாக இருந்த காலத்துக் கணக்கு அது. 64 ஜிபி ரேம் உள்ள சர்வருக்கு 96 ஜிபி என்று கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கத் தேவையில்லை. ஊகிக்காமல் அளந்து பார்க்க வேண்டும்.

டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்', பிறகு 'மெமரி' போனால் 'கமிட்டெட்' என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் போட்ட துண்டுகள், இரண்டாவது மொத்த சீட்டுகள். பேஜிங் ஃபைலைப் பழையபடி வைத்துவிட்டு, ஒரு வாரம் 15 திரைகளும் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து நோட்டில் குறித்தோம். உச்ச அளவு 9.4 ஜிபி. அதிலிருந்து 7.9-ஐக் கழித்தால் 1.5 ஜிபி. இதற்குக் குறைந்தால் ஆபத்து. தேர்வு நேரத்தில் வேலை கூடும் என்பதால் தாராளமாகவே வைத்தோம்.

5. அமைக்கும் முறை

சார் பக்கத்தில் இல்லாமல் யாரும் செய்யாதீர்கள்!

• 'திஸ் பிசி' மேல் வலது கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' போகவும். இடது பக்கம் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்'.
• 'பெர்ஃபார்மன்ஸ்' கட்டத்தில் 'செட்டிங்ஸ்'. வரும் பெட்டியில் 'அட்வான்ஸ்டு'. அதில் 'விர்ச்சுவல் மெமரி' என்பதன் கீழ் 'சேஞ்ச்'.
• மேலே 'ஆட்டோமேட்டிக்கலி மேனேஜ்' என்று தொடங்கும் வரியில் டிக் இருக்கும். சர்வரே அளவைப் பார்த்துக்கொள்ளும் என்று அர்த்தம். பெரும்பாலான சர்வர்களுக்கு இதுவே போதும். நம் சி டிரைவ் சிறிது என்பதால் டிக்கை எடுத்தோம்.
• டிரைவைத் தேர்வு செய்து 'கஸ்டம் சைஸ்' கொடுக்கவும். தொடக்க அளவு, உச்ச அளவு இரண்டையும் எம்பியில் எழுத வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் கோப்பு வளர்ந்து வளர்ந்து துண்டு துண்டாகச் சிதறாது.
• 'செட்' பொத்தானை அழுத்தவும். இதை மறந்து 'ஓகே' மட்டும் கொடுத்தால் மாற்றம் பதிவாகாது. நானே ஒருமுறை ஏமாந்தேன்.
• அளவைக் குறைத்தால் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். கூட்டினால் பெரும்பாலும் தேவைப்படாது.

இப்போது நம் சர்வரில் சி டிரைவில் 2,048 எம்பி, டி டிரைவில் 6,144 எம்பி. டி என்பது தனி வன்தட்டு. ஒரே வன்தட்டை இரண்டு டிரைவாகப் பிரித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினால் வேகத்தில் லாபம் இல்லை, முள் அதே தட்டில்தான் அலைய வேண்டும். சி-யில் கொஞ்சம் விட்டுவைத்ததற்கும் காரணம் உண்டு. சர்வர் திடீரென்று விழுந்தால், விழுந்த காரணத்தை நினைவகத்திலிருந்து எடுத்து எழுதிவைக்க, விண்டோஸ் இருக்கும் டிரைவின் பேஜிங் ஃபைலைத்தான் வழக்கமாகப் பயன்படுத்தும். சி-யில் இடம் அடைத்ததற்கு உண்மையான தீர்வு, பழைய மாணவர்களின் கோப்புறைகளை டி-க்கு மாற்றியதுதான். அரை மணி நேர வேலை. அன்றைக்கே அதைச் செய்திருக்கலாம்.

நினைவில் வைக்க

• பேஜிங் ஃபைல் குப்பை அல்ல, கூடுதல் ரேமும் அல்ல.
• முதலில் அள, பிறகு மாற்று.
• 6 திரையில் ஓடியது 15 திரையிலும் ஓடும் என்று நம்பாதே.
• எச்சரிக்கையைப் படிக்காமல் 'யெஸ்' கொடுக்காதே.
• பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமி!

உங்களுக்கு ஒரு கேள்வி

ரேம் 16 ஜிபி, பேஜிங் ஃபைல் 4 ஜிபி. உச்ச கமிட் 18 ஜிபி. பேஜிங் ஃபைலை 1 ஜிபி ஆக்கினால் என்ன ஆகும்? விடையைத் தாளில் எழுதி ஆய்வகப் பெட்டியில் போடுங்கள். அடுத்த இதழில் சரியான விடை வரும்.

கடைசியாக, கிணறுகளைப் பற்றி எழுதிய தங்கச்சிக்கு: அன்னைக்கு நீ கேட்ட கேள்விக்குத் தெரியலைன்னு சொன்னேன் இல்லையா? இந்தத் தாள் முழுக்க அதற்கான பதில்தான். மன்னிச்சுக்கோ.

— 12-ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவி