மூட்டு வலிக்கு முதுகிலும் ஸ்டெதாஸ்கோப் வைக்க வேண்டும்

நம்பிக்கை: முடக்குவாதம் மூட்டுகளோடு நின்றுவிடும்.

நிற்பதில்லை. 1953-லேயே வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் எக்ஸ்-ரே படங்களில் ஆன்டனி கேப்லன் என்ற மருத்துவர் இதைப் பார்த்தார். முடக்குவாதம் வந்தவர்களின் நுரையீரலில் உருண்டை உருண்டையாகக் கட்டிகள் தெரிந்தன. சிலருக்கு மூட்டு வீங்குவதற்கு முன்பே அவை வந்துவிட்டன.

நோயின் தொடக்கமே சிலருக்கு நுரையீரலில்தான் என்று ஆய்வாளர்கள் பலர் இன்று கருதுகிறார்கள். புகைபிடிக்கும்போது அங்குள்ள புரதங்களில் அர்ஜினின் என்ற அமினோ அமிலம் சிட்ருலினாக மாறுவது கூடுகிறது. மரபணுவில் அதற்கான வாகு உள்ளவர்களின் உடல், மாறிய புரதத்தை அந்நியமாக நினைத்து ஆன்டிபாடிகளை உருவாக்குகிறது. புகை, மரபணு, ஆன்டிபாடி ஆகிய மூன்றையும் இணைத்து 2006-ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் எழுதினார்கள். டாக்டர்கள் எழுதித் தரும் ஆன்ட்டி-சி.சி.பி. டெஸ்ட் தேடுவது இந்த ஆன்டிபாடியைத்தான். மூட்டு வலிக்குப் பல ஆண்டுகள் முன்பே அது ரத்தத்தில் இருக்கலாம்.

ஆகவே முடக்குவாதக்காரருக்கு வறட்டு இருமலோ, மாடி ஏறும்போது மூச்சு வாங்குவதோ இருந்தால், 'வயசாகிறது, அப்படித்தான்' என்று விட்டுவிடக் கூடாது. நுரையீரல் தழும்பேறத் தொடங்கியிருந்தால், முதுகின் கீழ்ப்பகுதியில் ஸ்டெதாஸ்கோப் வைத்து மூச்சை இழுக்கச் சொல்லும்போது, செருப்பின் ஒட்டுப்பட்டையைப் பிரிப்பது போன்ற சரசரப்பு கேட்கலாம். சந்தேகம் வந்தால் சி.டி. ஸ்கேன் சொல்லிவிடும். விரல்களை மட்டும் அமுக்கிப் பார்த்து அனுப்பப்படும் ஒவ்வொரு நோயாளியையும் நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நம்பிக்கை: ரத்தப் பரிசோதனையில் ஆர்.ஏ. ஃபாக்டர் பாசிட்டிவ் என்றால் முடக்குவாதம் உறுதி.

இல்லை. நல்ல ஆரோக்கியமான சிலருக்கும், குறிப்பாக முதியவர்களுக்கு, பாசிட்டிவ் வரும். காசநோய், ஹெபடைடிஸ் சி போன்றவற்றிலும் வரும். மறுபக்கம், முடக்குவாதம் உள்ளவர்களில் பத்தில் இரண்டு மூன்று பேருக்கு நெகட்டிவ்தான். காலையில் எழுந்ததும் விரல்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் மடங்காமல் விறைத்திருப்பது, இரண்டு கைகளிலும் சிறு மூட்டுகள் வீங்குவது, இவற்றைச் சொல்லாமல் லேப் ரிப்போர்ட்டை மட்டும் நீட்டுவதில் பயனில்லை.

நம்பிக்கை: சி.ஆர்.பி. கூடினால் மூட்டு நோய். குறைந்தால் எல்லாம் சரி.

சி.ஆர்.பி. என்பது உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம். அது முதலில் தெரியவந்தது நுரையீரல் நோயில்தான். 1930-ல் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் டில்லெட், பிரான்சிஸ் இருவரும் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டார்கள். நோய் தணிந்ததும் அது மறைந்தது. இதைச் சுரப்பது கல்லீரல். பெரும்பாலும் இன்டர்லூக்கின்-6 என்ற புரதம் தரும் சமிக்ஞையால். அழற்சி மூட்டிலா, நுரையீரலிலா, சொத்தைப் பல்லிலா என்று இந்த எண் சொல்லாது.

'குறைந்தால் எல்லாம் சரி' என்ற இரண்டாவது பாதிதான் ஆபத்தானது. முடக்குவாதத்துக்குத் தரப்படும் டோசிலிசுமாப் ஊசி அந்தச் சமிக்ஞையையே தடுத்துவிடுகிறது. ஊசி போட்டுக்கொண்டவருக்கு நிமோனியா வந்தாலும் சி.ஆர்.பி. நார்மலாகவே இருக்கலாம், காய்ச்சலும் பெரிதாகத் தெரியாமல் போகலாம். அந்த ஊசியில் இருப்பவருக்குச் சளியோ மூச்சுத்திணறலோ வந்தால், எந்த டாக்டரிடம் போனாலும் ஊசியின் பெயரை முதலில் சொல்லுங்கள். மார்பு எக்ஸ்-ரே வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.