குறித்த கணத்தில் விழிக்கும் கணினி

விழுப்புரம்

அன்புள்ள தங்கைக்கு,

நிகழ்நேர இயக்கம் என்ற தொடரைக் கேட்டவுடன் பலருடைய மனம் வேகத்தை நோக்கியே ஓடுகிறது. ஆனால் அத்தொடர் குறிப்பது நேரந்தவறாமையை. ஒரு வேலையை எவ்வளவு விரைவில் முடிக்கலாம் என்பது ஒரு கேள்வி. அவ்வேலை தொடங்க வேண்டிய கணம் வந்த பிறகு, எவ்வளவு மோசமான நெருக்கடியிலும் இவ்வளவுக்கு மேல் தாமதம் ஏற்படாது என்று உறுதி கூற முடியுமா என்பது முற்றிலும் வேறான கேள்வி. வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் விற்கப்படும் கணினிகள் முதல் கேள்விக்கு விடையாக உருவாக்கப்பட்டவை என்பதால், அவற்றில் ஒன்றை ரோபோவோடு இணைக்க விரும்புபவர் அதன் ஃபர்ம்வேரையும் இயங்குதளத்தையும் இரண்டாவது கேள்விக்கு ஏற்றபடி திருத்தியமைக்க வேண்டியிருக்கிறது.

திண்டிவனத்தில் இறுதியாண்டுத் திட்டமாகத் தங்கை அமைத்துவரும் ரோபோக் கையையே எடுத்துக்கொள்ளலாம். எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் அமைந்து, டி.எம்.வி. என்ற தன் பெயரெழுத்துகளை மல்லாட்டை (நிலக்கடலை) ரகங்களுக்கு வழங்கிய ஊரில், ஓடும் பட்டையின் மேல் வரும் மல்லாட்டையிலிருந்து சொத்தைக் காயைப் பொறுக்கும் கை மிகப் பொருத்தமான முயற்சியே. பட்டை நொடிக்கு அரை மீட்டர் நகர்வதாகக் கொண்டால், கணினி 20 மில்லி நொடி தாமதிக்கும்போது காய் ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும். 50 மில்லி நொடி தாமதித்தால் இரண்டரை சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு காயின் நீளமே கடந்துவிட, விரல்கள் பின்னால் வரும் நல்ல காயைப் பற்றும். மூட்டுகளை இயக்கும் மோட்டார்களின் கணக்கு இதைவிடக் கடுமையானது. ஜெர்மனியின் ஃபிராங்கா நிறுவனம் ஆய்வுக்கூடங்களுக்காக உருவாக்கிய ஏழு மூட்டுக் கை நொடிக்கு ஆயிரம் முறை கணினியிடம் கட்டளை கேட்கிறது. தொடர்ந்து இருபது முறை விடை வரவில்லையென்றால் அது தானாக நின்றுவிடுகிறது. நொடிக்கு ஆயிரம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 36 லட்சம் சுழற்சிகள். இவற்றில் ஏறக்குறைய அனைத்தும் 10 மைக்ரோ நொடிக்குள் தொடங்கி, ஒன்றே ஒன்று மட்டும் 30 மில்லி நொடி பிந்தினாலும் சராசரி கண்ணுக்குத் தெரியும்படி மாறாது. கை மட்டும் அந்த ஒரு தாமதத்திலேயே நின்றுவிடும். ஆகவே இத்துறையில் சராசரி என்பது ஏமாற்றும் எண், ஆகப் பெரிய தாமதமே உண்மையான எண்.

மோசமான நிலையை முன்வைத்து வடிவமைப்பது எத்தகையது என்பதற்கு விழுப்புரத்தோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. இவ்வூரின் ரயில்வே பள்ளியில் படித்து, இங்கேயே பாலிடெக்னிக் டிப்ளமா முடித்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக விளங்கிய சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு நிலவில் தரையிறங்கியது. ரேடியோ அலை பூமியிலிருந்து நிலவுக்குப் போய்த் திரும்ப ஏறத்தாழ இரண்டரை நொடி ஆகிறது. இறக்கம் தொடங்கும்போது நொடிக்கு 1.68 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற கலம் அதற்குள் நான்கு கிலோமீட்டரைக் கடந்துவிடும் என்பதால், தரையிலிருந்து ஓட்டுவது இயலாத காரியமாக, அளவிடுவதும் முடிவெடுப்பதும் எஞ்சினைத் திருத்துவதும் கலத்துக்குள்ளேயே குறித்த கணங்களில் நடந்தாக வேண்டியிருந்தது. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 இன் தரையிறங்கு கலம் மோதி நொறுங்கிய பிறகு, எவை சரியாக நடக்கும் என்ற எண்ணத்தில் அல்லாமல், எவையெல்லாம் தவறக்கூடும் என்ற எண்ணத்திலேயே அடுத்த கலம் வடிவமைக்கப்பட்டதாக அப்போதைய இஸ்ரோ தலைவர் எஸ். சோமநாத் விளக்கினார். இறங்குவதற்கு ஒதுக்கிய பரப்பும் 500 மீட்டர் சதுரத்திலிருந்து நான்கு கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என விரிக்கப்பட்டது. மேசை மேலுள்ள சிறு கைக்கும் அதே மனநிலைதான் வேண்டும்.

பணியைக் கீழிருந்து தொடங்குவது முறை. மின்சாரம் வந்தவுடன் இயங்குதளத்துக்கு முன்பே விழித்து, வன்பொருளைச் சரிபார்த்துப் பொறுப்பை ஒப்படைக்கும் நிரலே ஃபர்ம்வேர். பழைய பழக்கத்தில் அது பயாஸ் என்றே அழைக்கப்படுகிறது. பொறுப்பை ஒப்படைத்த பிறகும் அது முழுமையாக விலகிவிடுவதில்லை என்பதே இங்குள்ள சிக்கல். வெப்பத்தைக் கவனிப்பது, யு.எஸ்.பி. விசைப்பலகையைப் பழைய வகை விசைப்பலகைபோல் நடிக்கச் செய்வது முதலான காரியங்களுக்காக, எஸ்.எம்.ஐ. எனப்படும் ஒருவகைக் குறுக்கீட்டின் மூலம் ஃபர்ம்வேர் ப்ராசஸரை அவ்வப்போது தன் வசம் எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் இயங்குதளம் உறைந்து நிற்கிறது; தான் நின்றதே அதற்குத் தெரியாது. மேலே எத்தனை சிறந்த இயங்குதளத்தை நிறுவினாலும் இந்தக் களவை அதனால் தடுக்க முடியாது. எனவே வேறெதையும் தொடுவதற்கு முன், லினக்ஸ் இயங்குதளத்திலுள்ள ஹார்டுவேர் லேட்டன்சி டிடெக்டர் என்ற கருவியைப் பல மணி நேரம் ஓடவிட வேண்டும். அது மற்றக் குறுக்கீடுகளை அடைத்துவிட்டு இடைவிடாமல் கடிகாரத்தையே படித்துக்கொண்டிருப்பதால், இரண்டு வாசிப்புகளுக்கிடையே விளங்காத இடைவெளி தோன்றினால் அது பெரும்பாலும் ஃபர்ம்வேரின் வேலையே. பயாஸில் யு.எஸ்.பி. லெகசி ஆதரவையும் பயன்படாத இணைப்பு முனைகளையும் அணைப்பது இதை ஓரளவு குறைக்கும். ஆனால் எஸ்.எம்.ஐ. முழுவதையும் வலிந்து முடக்கும் குறுக்கு வழிகளை நாடுவது கூடாது. சில பலகைகளில் வெப்பப் பாதுகாப்பே அதை நம்பியிருப்பதால் ப்ராசஸர் கருகிவிடக்கூடும். இடைவெளி மிகப் பெரிதாகவே நீடித்தால், அந்தத் தாய்ப்பலகை இப்பணிக்கு உதவாது என்று ஏற்று வேறொன்றைத் தேடுவதே செலவு குறைந்த வழி. விலை உயர்ந்த புதிய கணினி தோற்கும் இடத்தில் பழைய அலுவலகக் கணினி ஒன்று தேறுவதும் உண்டு.

அடுத்தது மின்சிக்கனம். வேலையில்லாதபோது ப்ராசஸர் படிப்படியாக ஆழ்ந்த உறக்கத்துக்குச் செல்கிறது. சி-ஸ்டேட் எனப்படும் இந்நிலைகளில் முதலாவதிலிருந்து விழிக்க இரண்டொரு மைக்ரோ நொடி போதுமென்றாலும், மிக ஆழ்ந்தவற்றிலிருந்து எழ நூற்றுக்கணக்கான மைக்ரோ நொடிகள் ஆகின்றன. ரோபோவின் சுழற்சியோ சிறிது வேலை செய்து, சிறிது உறங்கி, மீண்டும் எழுவது. உறங்கும் ஒவ்வொரு முறையும் ப்ராசஸர் ஆழத்துக்குப் போய்விட்டால் எழுவது ஒவ்வொரு முறையும் பிந்தும். ஆழ்ந்த சி-ஸ்டேட்களை பயாஸில் அணைப்பதோடு, இயங்குதளம் தொடங்கும்போதே கட்டளை வரியிலும் வரம்பிடுவது நல்லது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பீட்ஸ்டெப், டர்போ ஆகியவற்றையும் அணைத்து, ஒரே சீரான வேகத்தில் நிறுத்த வேண்டும். டர்போவை அணைத்தால் கணினி மெதுவாகுமே என்ற தயக்கம் எழலாம். மெதுவாகத்தான் ஆகும், ஆனால் சுழற்சிக்குச் சுழற்சி மாறாமல் இருக்கும். ப்ராசஸருக்குள் தனித்து இயங்கும் அலகான கோர் ஒன்றை இரண்டாகக் காட்டும் ஹைப்பர் த்ரெடிங்கும் அணைக்கத் தக்கது. உள்ளிருக்கும் கணக்கிடும் உறுப்புகள் இரண்டுக்கும் பொதுவானவை என்பதால், பக்கத்து வேலை எப்போது இடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது.

உறங்காத ப்ராசஸர் ஓயாமல் சூடாகும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். கத்திரி வெயிலில் திண்டிவனத்தின் மூடிய அறையொன்றில், தூசி அடைத்த விசிறியோடு கணினி நின்றால், வெப்பம் எல்லை தாண்டியதும் ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவரை செய்த திருத்தங்கள் அந்த ஒரு செயலில் வீணாகும். தூசி தட்டுவதும் இங்கு நிகழ்நேரப் பணியின் பகுதியே.

இனி இயங்குதளம். அதன் உட்கருவான கெர்னலே எந்த வேலைக்கு எப்போது ப்ராசஸரைத் தருவது என்று தீர்மானிக்கிறது. சாதாரண லினக்ஸ் கெர்னல் தன் சொந்த வேலையில் சில இடங்களில் மூழ்கியிருக்கும்போது எவ்வளவு அவசரமான வேலை வந்தாலும் காக்கவைக்கும். ப்ரீயெம்ப்ட்-ஆர்டி என்ற திருத்தம், கெர்னலின் பெரும்பகுதியையும் இடையில் நிறுத்தத்தக்கதாக மாற்றி, வன்பொருள் குறுக்கீடுகளையும் முன்னுரிமை எண் கொண்ட, இழை எனப்படும் தனி வேலைகளாக ஆக்குகிறது. தாமஸ் கிளைக்ஸ்னர், இங்கோ மோல்னார் முதலானோர் தொடங்கிய இம்முயற்சி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தனி ஒட்டாகவே வாழ்ந்து, 2024 நவம்பரில் வெளிவந்த 6.12 பதிப்பில்தான் மூலக் கெர்னலுக்குள் ஒரு தெரிவாக முழுமையாக இடம்பெற்றது. டெபியனில் ஆயத்தத் தொகுப்பாகவே கிடைப்பதால் நிறுவுவது கடினமன்று. தானே தொகுத்த கெர்னலென்றால் ஃபர்ம்வேரிலுள்ள செக்யூர் பூட் அதை மறுக்கும் என்பது மட்டும் நினைவிருக்க வேண்டும்.

அத்திருத்தத்தின் நுட்பங்களில் முன்னுரிமை மரபேற்றம் என்பதை ஆழ்ந்து புரிந்துகொள்வது பயன் தரும். விழுப்புரத்திலிருந்து காட்பாடி செல்லும் ஒற்றைப் பாதையில் ஒரு சரக்கு ரயில் இரு நிலையங்களுக்கு நடுவே சென்றுகொண்டிருக்கும்போது, எதிரே வரும் விரைவு ரயில் எவ்வளவு முக்கியமானதாயினும் நிலையத்தில் நின்றே ஆக வேண்டும். அப்போது சரக்கு ரயிலை வேறெதற்காகவும் தடுக்காமல் விரைந்து வெளியேற்றுவதே விரைவு ரயிலுக்குச் செய்யும் உதவி. கணினியிலும் கீழ்நிலை வேலை ஒன்று ஒரு பொதுப் பொருளைப் பூட்டி வைத்திருக்க, மேல்நிலை வேலை அதற்காகக் காத்திருக்க, இடைநிலை வேலைகள் புகுந்து கீழ்நிலை வேலையை ஓடவிடாமல் செய்வதுண்டு. 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் கணினி மீண்டும் மீண்டும் தானாக மறுதொடக்கம் ஆனது இதனால்தான். பூட்டை வைத்திருக்கும் வேலைக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாக அளிப்பதே தீர்வு. பூமியிலிருந்து அந்த அமைப்பை இயக்கியவுடன் நோய் தீர்ந்தது.

கெர்னல் அமைந்த பிறகு கோர்களைப் பங்கிட வேண்டும். நான்கு கோர்களில் இரண்டைப் பொதுப்பணிக்கு விட்டு, மற்ற இரண்டையும் ஐசோல்சிபியூஸ் என்ற தொடக்கக் கட்டளையால் ரோபோவுக்கென ஒதுக்கி, குறுக்கீடுகளையும் பொதுக் கோர்களுக்கே திருப்பிவிட்டு, அவற்றைக் கலைத்துப் போடும் ஐஆர்க்யூபேலன்ஸ் சேவையை நிறுத்துவது வழக்கம். முன்னுரிமை 1 முதல் 99 வரை உண்டு. குறுக்கீட்டு இழைகள் இயல்பாக 50 இல் நிற்பதால், கட்டுப்பாட்டுச் சுழற்சியை 80 அளவில் வைத்தால் போதுமானது, 99 ஐத் தொட வேண்டியதில்லை. மோட்டார்களோடு பேசுவது நெட்வொர்க் அட்டை வழியாகவென்றால் அந்த அட்டையின் இழையையும் உயர்த்தியாக வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். நிகழ்நேர வேலைகள் ஒரு நொடியில் 950 மில்லி நொடிக்கு மேல் ஓடாதபடி கெர்னல் இடும் வரம்பைத் தொடக்கத்திலேயே நீக்குவது தவறு. முடிவற்ற சுழலில் நிரல் சிக்கினால் கணினியை மீட்க உதவும் வழி அது.

எழுதும் நிரலுக்கும் ஒழுக்கம் வேண்டும். தன் நினைவகம் முழுவதையும் தொடக்கத்திலேயே பெற்று எம்லாக்ஆல் கட்டளையால் பூட்டிவிட வேண்டும். இல்லையெனில் வட்டுக்கு மாற்றப்பட்ட நினைவகப் பக்கத்தைத் திரும்பக் கொண்டுவர நேரும் ஒரு கணத்தில் பல மில்லி நொடிகள் போய்விடும். சுழற்சிக்குள் புதிதாக நினைவகம் கேட்பதும், கோப்பில் எழுதுவதும், திரையில் அச்சிடுவதும் ஆகா.

இவ்வளவுக்கும் சான்று அளவீடே. சைக்ளிக்டெஸ்ட் என்ற கருவி, குறித்த கணத்தில் எழுப்பும்படி கேட்டு, உண்மையில் எழுந்த கணத்தோடு ஒப்பிட்டு ஆகப் பெரிய தாமதத்தைக் காட்டுகிறது. சும்மா இருக்கும் கணினியில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பெறும் எண்ணுக்கு மதிப்பில்லை. வட்டையும் நெட்வொர்க்கையும் திரையையும் ஒருசேர வருத்தும் பாரத்தோடு, கேமராவையும் இயக்கிவிட்டு, இரவு முழுவதும் ஓடவிட வேண்டும். நன்கு அமைந்த கணினியில் அப்போதும் நூறு மைக்ரோ நொடிக்குள் அடங்குவதுண்டு. ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டுமே மாற்றி, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கிடைத்த எண்களைத் தேதியுடன் நோட்டில் எழுதி வர வேண்டும். ஐந்தை ஒன்றாக மாற்றி நல்ல பலன் கண்டவருக்கு, எது பலன் தந்தது என்பது கடைசிவரை தெரிவதில்லை. விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு இயங்கிவருவதால், அந்த நோட்டோடு அங்கே சென்றால் கேள்விகளுக்குச் செவிகொடுக்க ஆள் இருக்கும்.

எவ்வளவு நல்ல எண் கிடைத்தாலும், அவசர நிறுத்தப் பொத்தான் கணினி வழியாகச் செல்லாமல் மோட்டாரின் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்கும்படி அமைய வேண்டும். கையின் எல்லைக்குள் நிற்கப்போவது தங்கையும் தோழியரும் என்பதால் இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

கடைசியாக ஒரு சிறு பொருள். பயாஸ் அமைப்புகளைப் பல தாய்ப்பலகைகள் சிஆர்2032 என்ற மூன்று வோல்ட் காசு பேட்டரியின் துணையால் நினைவில் வைத்திருக்கின்றன. இரண்டாங்கைக் கணினிகளில் அது பல நேரம் தீர்ந்தே இருப்பதால், ஒரு மின்வெட்டுக்குப் பின் சி-ஸ்டேட், டர்போ, ஹைப்பர் த்ரெடிங் அனைத்தும் ஓசையின்றிப் பழைய நிலைக்குத் திரும்ப, நேற்றுவரை சீராக இயங்கிய கை இன்று காரணமின்றி நடுங்கும். முதல் வேலையாக அந்தப் பேட்டரியை மாற்றி, பயாஸ் திரைகளைப் படமெடுத்து அச்சிட்டுப் பெட்டியின் உட்புறத்தில் ஒட்டிவிட்டு, அதன் பிறகே அளவீட்டைத் தொடங்கவும்.

அன்புடன்,
அண்ணன்