உறைந்த விந்தணு... உயிர் கொடுக்குமா?

'கல்யாணமாகி நாலு வருஷமாச்சு, இன்னும் தொட்டில் ஆடலையே!' என்று யாராவது பேச்செடுத்தால் எல்லார் பார்வையும் மருமகள் பக்கம்தான் திரும்பும். ஆனால், குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. எனவே முதல் பரிசோதனையை இருவருமே செய்துகொள்ளுங்கள்.

'விந்தணுவை உறைய வைக்கிறாங்களாமே, ஃபிரிட்ஜில் வெச்ச பழைய குழம்பு மாதிரி கெட்டுப்போகாதா?' என்று சந்தேகமா? கெடாது.

எப்படி உறைய வைக்கிறார்கள்?

வெறுமனே குளிர வைத்தால், அணுவுக்குள் இருக்கும் நீர் பனி ஊசிகளாகி அதைக் கிழித்துவிடும். அதனால் கிளிசரால் போன்ற பாதுகாப்புத் திரவம் கலந்து, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் வைக்கிறார்கள். அந்தக் குளிரில் அணுவின் இயக்கம் அப்படியே நின்றுவிடும். பல வருடம் கழித்தும் உருக்கிப் பயன்படுத்தலாம். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பன்ஜ், ஷெர்மன் இருவரும் இப்படிக் கருத்தரிக்க வைக்க முடியும் என்று 1953-லேயே காட்டிவிட்டார்கள்.

உருக்கும்போது ஒரு பகுதி அணுக்கள் இறந்துபோவது உண்மைதான். எண்ணிக்கை ஏற்கெனவே குறைவாக உள்ளவருக்கு இது பெரிய நஷ்டம். இங்கேதான் 1992-ல் அறிவிக்கப்பட்ட 'இக்ஸி' முறை கைகொடுக்கிறது. ஒரு கருமுட்டைக்குள் ஒரே ஒரு விந்தணுவை நுண் ஊசியால் செலுத்துகிறார்கள். லட்சக்கணக்கில் தேவையில்லை, உயிருள்ள ஒன்று போதும்!

யாருக்குப் பயன்படும்?

* விந்தில் அணுவே இல்லாதவர்களுக்கு. விதைப்பையிலிருந்து எடுத்த அணுக்களில் மிச்சத்தைச் சேமித்தால், மறுபடி ஊசி குத்த வேண்டியிருக்காது.

* வெளிநாட்டில் வேலை பார்க்கும் கணவர்களுக்கு. மனைவியின் சிகிச்சை நாளில் ஊரில் இல்லாவிட்டாலும் கவலையில்லை.

* சிகிச்சை நாளன்று பதற்றத்தால் மாதிரி கொடுக்க முடியாமல் தவிப்பவர்களுக்கு.

* புற்றுநோய்க்கு மருந்தோ கதிர்வீச்சோ எடுக்கப் போகிறவர்களுக்கு.

கடைசியாகச் சொன்னதை மட்டும் மறந்துவிடாதீர்கள். கேன்சர் என்றதும் வீடே இடிந்துபோய் உட்கார்ந்திருக்கும்போது குழந்தை பற்றி யார் நினைப்பார்கள்? ஆனால் அந்த மருந்துகள் விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடலாம். வயதுக்கு வந்த பையனாக இருந்தாலும் சரி, முதல் ஊசி போடுவதற்கு முன்பே, 'சேமித்து வைக்கலாமா டாக்டர்?' என்று நீங்களே கேளுங்கள். கூச்சம் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: 2021-ஆம் வருடச் சட்டப்படி பதிவு பெற்ற மையம்தானா என்று பாருங்கள். ஒப்புதல் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். உறைய வைத்தால் குழந்தை நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனைவியின் வயதும் கருமுட்டையின் தரமும் கூட முக்கியம்தான்.