கண்ணுக்குள் ஊசி எதற்கு?

கேள்வி: சர்க்கரையால் அம்மாவின் விழித்திரையில் நீர் கோத்திருக்கிறது. மாதாமாதம் கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும் என்கிறார்கள். சொட்டு மருந்து போதாதா? மலிவான ஊசியை நம்பலாமா?
– வாசகர், லால்குடி

பதில்: போதாது. சொட்டு மருந்தில் பெரும்பகுதி கண்ணீரோடு வழிந்துவிடும்; மிஞ்சுவதும் கண்ணின் முன்பகுதியோடு நின்றுவிடும். மாத்திரை ரத்தத்தில் கலந்தாலும், விழித்திரையின் ரத்தக்குழாய்ச் சுவர் எளிதில் வழிவிடாது. எனவேதான் கண்ணை மரக்கச் செய்து, அயோடின் விட்டு, கருவிழி ஓரத்திலிருந்து நாலு மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளைப் பகுதி வழியாக மெல்லிய ஊசியால் 0.05 மில்லி மருந்தைச் செலுத்துகிறார்கள். ஒரு சொட்டுதான்! கிருமித்தொற்று வராதா என்றால், அபூர்வமாக வரும். வந்தால் பார்வையே போகலாம். ஊசிக்குப் பின் வலியோ மங்கலோ கூடினால் விடியும்வரை காத்திராமல் திருச்சிக்கு ஓடுங்கள். மலிவான அவாஸ்டின் உண்மையில் குடல் புற்றுநோய் மருந்து. குஜராத்தில் அதைக் கண்ணில் போட்டுக்கொண்ட சிலருக்குப் பாதிப்பு வந்ததும், 2016 ஜனவரியில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி எச்சரித்தார். மார்ச்சில் அந்த எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார். பயம் மருந்தைப் பற்றியதல்ல, ஒரு குப்பியைப் பலருக்குப் பிரிக்கும்போது சுத்தம் தவறுவதைப் பற்றியது. ஆகவே, எங்கே, எப்படிப் பிரிக்கிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். ஆனால் பார்வை ஏற்கெனவே வெகுவாகக் குறைந்திருந்தால், முதல் ஆண்டில் விலை கூடிய அஃப்ளிபெர்செப்ட் ஊசி மேலானது என்று 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்த நிலையில் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.