வண்டியின் கணிப்பொறிச் சில்லும் முறையான டியூனிங்கும்

அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் மிகுதி. பெரம்பலூரோ சென்னை - திருச்சி நெடுஞ்சாலையின் மீதமைந்த ஊர். ஓரிடத்தில் தூசி, மற்றோரிடத்தில் வேகம். இவ்விரண்டிற்கும் இடையே நாள்தோறும் ஓடும் வண்டி இழுவை குன்றியதும், ‘சிப் போட்டால் பிக்கப்பும் கூடும், மைலேஜும் கூடும்’ என்னும் விளம்பரச் சொல் உரிமையாளரின் செவியில் தேனாகப் பாய்வது இயல்பே. அச்சொல்லில் மெய் எவ்வளவு என்பதை ஈண்டு ஆராய்வோம்.

கார்புரேட்டர் காலத்தில் டியூனிங் என்பது மெக்கானிக்கின் செவியிலும் திருப்புளியிலும் இருந்தது. 1979-இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் எரிபொருள் பீய்ச்சுதலையும் தீப்பொறி நேரத்தையும் ஒரே கணிப்பொறியின் கீழ்க் கொணர்ந்தது. நம் நாட்டு மாருதி 800 காருக்கு எரிபொருள் பீய்ச்சும் முறை 2000-இல் வந்தது. இக்கணிப்பொறிக்குள் இருப்பது பெரிய மாயமன்று, ஓர் அட்டவணையே. வாய்பாட்டில் 7-ஆம் வரிசையும் 8-ஆம் வரிசையும் கூடுமிடத்தில் 56 இருப்பதுபோல, எஞ்சின் சுழலும் வேகமும் அது சுமக்கும் பாரமும் கூடுமிடத்தில், எவ்வளவு எரிபொருள், எந்நேரத்தில் தீப்பொறி என்னும் எண் பொறிக்கப்பட்டிருக்கும்.

அவ்வெண்களை மாற்றுவதே சில்லுத் தொழில். முற்காலத்தில் சில்லையே கழற்றி, மாற்றெண்கள் பதித்த வேறொன்றைப் பொருத்தினர். இன்று பழுதறியும் இணைப்பின் வழியே அட்டவணையைத் திருத்தி எழுதுகின்றனர். மூன்றாவது வகையும் உண்டு: டீசல் வண்டியின் அழுத்த உணரிக்கும் கணிப்பொறிக்கும் இடையே செருகப்படும் சிறு பெட்டி. குழாயில் 1,000 பார் அழுத்தம் இருக்கையில் 900 என்று அது பொய்யுரைக்கும்; கணிப்பொறியும் அதை நம்பி அழுத்தத்தை ஏற்றிவிடும். இதனை டியூனிங் என்றழைப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை.

டர்போ உள்ள எஞ்சினில் திருத்தத்தால் இழுவை கூடுவது உண்மையே. டர்போ இல்லாத சிறு காரில் பயன் சொற்பம். ஆயின் அந்த மிகுவலிமை எங்கிருந்து வருகிறது? கடும் வெயில், தரங்குறைந்த எரிபொருள், உறுப்புகளின் தேய்மானம் ஆகியவற்றை எண்ணித் தயாரிப்பாளர் விட்டுவைத்த இடைவெளியிலிருந்தே வருகிறது. சித்திரை வெயிலில் வெப்பக் காற்று உட்புகும்போது, முன்கூட்டித் தள்ளப்பட்ட தீப்பொறி எஞ்சினுள் தட்டலை உண்டாக்கும். டீசலிலோ மிகுதியான எரிபொருள் புகையாகும்; டர்போவும் கிளட்சும் அதன் சுமையைத் தாங்கும். மேலும், 1 கிலோ பெட்ரோல் முற்றும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. எத்தனாலுக்கோ 9 கிலோ போதும். நாடெங்கும் பரவியுள்ள 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, வேற்று நாட்டு எரிபொருளை அளவாகக் கொண்டு எழுதிய அட்டவணை எங்ஙனம் பொருந்தும்?

முறையான டியூனிங் கணிப்பொறியில் தொடங்குவதில்லை. காற்று வடிகட்டியில் தொடங்குகிறது. சுண்ணாம்புத் தூசி படிந்து அடைபட்ட வடிகட்டியோடு வரும் வண்டிக்குச் சில்லு மாற்றுவது, மூக்கடைத்தவனை ஓடச் சொல்வதற்கு ஒப்பாகும். வடிகட்டிக்குப் பின் டர்போக் குழாய்களின் கசிவு, இன்ஜெக்டர்களின் நிலை, கணிப்பொறி பதிந்து வைத்துள்ள பழுதுக் குறிகள் ஆகியவற்றைச் சரிபார்த்தல் வேண்டும். குறை அங்கேயே தீர்ந்து, சில்லின் தேவையே எழாமற்போவதும் உண்டு. அதன் பின்னரும் திருத்தம் வேண்டுமெனில், உருளைமேடையில் வண்டியை ஓட்டி, வெளிப்புகையின் ஆக்சிஜனை அளந்து, சிறிது சிறிதாகவே எண்களை மாற்ற வேண்டும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, விதிமீறிய மாற்றம் ஒவ்வொன்றிற்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். 2020 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள பி.எஸ். 6 விதிக்குட்பட்ட டீசல் காரில், புகைவடிகட்டியை நீக்கி அட்டவணையை மாற்றுவோர் பிறர் மூச்சுக்கும் ஊறு செய்கின்றனர். எழுதும் எண்களால் எதுவும் செய்யலாம் என்பதற்கு வோக்ஸ்வாகன் சான்று: சோதனையின்போது மட்டும் புகையை அடக்கும் மென்பொருள், உலகெங்கும் ஏறத்தாழ 1.1 கோடி டீசல் வண்டிகளில் இருந்தமை 2015-இல் வெளிப்பட்டது.

திருத்தம் செய்தே தீர வேண்டும் என்போர், பட்டறையில் முதலில் கேட்டுப் பெறவேண்டியது தம் வண்டியின் பழைய அட்டவணையின் படியொன்றை. அதைத் தர இயலாத பட்டறையில் வண்டியின் மூடியைத் திறக்கவும் விடலாகாது.