ஷாகி: முக்கியக் குறிப்புகள்

(பொது அறிவு – உலக இசை, ஆளுமைகள்)

ஜமைக்காவின் ரெகே ஃப்யூஷன் பாடகரும் பாடலாசிரியருமான ஷாகியின் இசைவாழ்வு இது. ஆண்டுகளை மட்டும் உருப்போட்டால் தேர்வு அறையில் குழம்பும். ஒவ்வொரு பாடலிலும் "இதற்கு அடியில் இருக்கும் பழைய பாட்டு எது?" என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். வரிசை தானாக மனத்தில் நிற்கும்.

அ. பிறப்பும் இளமையும்

• இயற்பெயர்: ஆர்வில் ரிச்சர்ட் பரெல். பிறப்பு: 22 அக்டோபர் 1968, கிங்ஸ்டன் (ஜமைக்காவின் தலைநகர்).
• "ஷாகி" என்பது ஸ்கூபி-டூ கார்ட்டூன் பாத்திரத்தின் பெயர். நண்பர்கள் வைத்த பட்டப்பெயரே மேடைப் பெயரானது.
• பதின்ம வயதின் இறுதியில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிக்குக் குடிபெயர்ந்தார்.
• 1988-இல் அமெரிக்க மரைன் படையில் சேர்ந்தார். பீரங்கிப் பிரிவில் பணி. 1991 வளைகுடாப் போரில் பங்கேற்றார்.
• வட கரோலினாவின் கேம்ப் லெஜூன் முகாமில் இருந்தபோது, விடுமுறை நாட்களில் நியூயார்க் சென்று பாடல் பதிவு செய்தார்.
• அவருடைய அடையாளமான கட்டைக்குரல், படைப் பயிற்சியாளர்கள் கத்துவதைக் கேலியாகப் பாவனை செய்ததில் உருவானது என்று அவரே கூறியிருக்கிறார்.

ஆ. அறிய வேண்டிய சொற்கள்

• ரெகே: 1960-களின் இறுதியில் ஜமைக்காவில் பிறந்த இசை. வளர்ச்சி வரிசை: மென்ட்டோ → ஸ்கா → ராக்ஸ்டெடி → ரெகே.
• ரெகே ஃப்யூஷன்: ரெகே அல்லது அதன் கிளையான டான்ஸ்ஹால் தாளத்துடன் பாப், ராக், ஹிப்-ஹாப், ஆர் அண்ட் பி போன்றவற்றைக் கலப்பது.
• டீஜே: ஜமைக்காவில் தாளத்தின் மேல் பேச்சுநடையில் பாடுபவர். இசைத்தட்டைச் சுழற்றுபவருக்கு அங்கே "செலக்டர்" என்று பெயர். நம் ஊர் வழக்குக்கு நேர்மாறு என்பதால் கவனம் தேவை.
• ஷாகியின் வழக்கமான பாணி: கட்டைக்குரலில் அவர் டீஜே பாணியில் சொல்ல, மெல்லிய குரல் கொண்ட இன்னொருவர் பல்லவியைப் பாடுவார். 'இட் வாஸ்ன்ட் மீ' பாடலில் ரிக்ராக், 'ஏஞ்சல்' பாடலில் ரேவான்.

இ. முதல் அலை (1993–1997)

• 1993 – 'ஓ கரோலினா': பிரிட்டன் தரவரிசையில் முதலிடம்.
அடியில் இருப்பது: ஃபோக்ஸ் பிரதர்ஸ் 1960-இல் பாடிய அதே பெயருள்ள பாடல். மூலத்தைத் தயாரித்தவர் பிரின்ஸ் பஸ்டர். அதில் ஒலிப்பவை கவுண்ட் ஆசி குழுவினரின் ரஸ்தஃபாரி சமய மரபு முழவுகள்.
• 1995 – 'இன் தி சம்மர்டைம்': மங்கோ ஜெர்ரி குழு 1970-இல் பாடிய பாடலின் மறுவடிவம்.
• 1995 – 'பூம்பாஸ்டிக்': பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் 3-ஆம் இடம். லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரத்தில் இடம்பெற்றது.
அடியில் இருப்பது: புகழ்பெற்ற ரீமிக்ஸ் வடிவத்தில் மார்வின் கேயின் 'லெட்ஸ் கெட் இட் ஆன்'.
• 1997 – 'மிட்நைட் லவர்' ஆல்பம் எடுபடவில்லை. வர்ஜின் இசை நிறுவனம் அவரைக் கைவிட்டது, எம்.சி.ஏ. நிறுவனத்துக்கு மாறினார்.

ஈ. உச்சம்: 'ஹாட் ஷாட்' (2000–2001)

• ஆல்பம் வெளியானது ஆகஸ்ட் 2000.
• 'இட் வாஸ்ன்ட் மீ' பாடலைத் தனிப்பாடலாக வெளியிடும் எண்ணம் நிறுவனத்துக்கு முதலில் இல்லை. ஹவாயில் ஒரு வானொலி அறிவிப்பாளர் நாப்ஸ்டர் என்ற கோப்புப் பகிர்வுச் சேவையில் இருந்து அதை இறக்கி ஒலிபரப்ப, நேயர்கள் மீண்டும் மீண்டும் கேட்டார்கள். அதன்பின்தான் பாட்டு பரவியது. இசைத்துறை திருட்டு என்று வழக்குத் தொடுத்த அதே கோப்புப் பகிர்வு, ஒரு பாடகரைத் தூக்கி நிறுத்திய நிகழ்வு இது.
அடியில் இருப்பது: வார் குழுவின் 'ஸ்மைல் ஹேப்பி'.
• 'ஏஞ்சல்': அடியில் இருப்பவை இரண்டு. ஸ்டீவ் மில்லர் பேண்டின் 'தி ஜோக்கர்' (1973), சிப் டெய்லர் எழுதிய 'ஏஞ்சல் ஆஃப் தி மார்னிங்'.
• இரண்டு பாடல்களுமே 2001-இல் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலிலும் பிரிட்டனிலும் முதலிடம் பெற்றன. பிரிட்டனில் அவருடைய முதலிடப் பாடல்கள் மொத்தம் 4.
• ஆல்பம் பில்போர்டு 200 பட்டியலில் 6 வாரம் முதலிடம். அமெரிக்காவில் 6 மடங்கு பிளாட்டினம்.

உ. பிற்காலம்

• 2007 – மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த கிரிக்கெட் உலகக் கோப்பையின் அதிகாரப்பூர்வப் பாடலை ரூபி (பார்படோஸ்), ஃபே-ஆன் லயன்ஸ் (டிரினிடாட்) ஆகியோருடன் பாடினார். அத்தொடரின் இறுதிப் போட்டியில் இலங்கையை ஆஸ்திரேலியா வென்றது.
• 2008 – யூரோ கால்பந்துப் போட்டியின் சின்னத்துக்கான (மஸ்காட்) பாடல் 'ஃபீல் தி ரஷ்'.
• 2013 – 'அவுட் ஆஃப் மெனி, ஒன் மியூசிக்': தயாரிப்பு ஸ்லை அண்ட் ராபி. தலைப்பு ஜமைக்காவின் தேசிய முழக்கத்தைத் தழுவியது.
• 2018 – '44/876': ஆங்கிலப் பாடகர் ஸ்டிங்குடன் இணைந்த ஆல்பம்.
• 2022 – 'கம் ஃப்ளை விட் மி': ஃபிராங்க் சினாட்ரா பாடல்கள் ரெகே வடிவில். தயாரிப்பு ஸ்டிங். ஏறத்தாழ முப்பது ஆண்டுக்குப் பிறகும் அடியில் பழைய பாட்டுதான்.
• கிங்ஸ்டனின் புஸ்டமான்டே குழந்தைகள் மருத்துவமனைக்காக "ஷாகி அண்ட் ஃபிரெண்ட்ஸ்" நிதி திரட்டும் நிகழ்ச்சிகளை நடத்தியிருக்கிறார். (அலெக்சாண்டர் புஸ்டமான்டே: ஜமைக்காவின் முதல் பிரதமர்.)

ஊ. விருதுகள்

• கிராமி (சிறந்த ரெகே ஆல்பம்): 1996 – 'பூம்பாஸ்டிக்'; 2019 – '44/876'.
• 2007 – ஜமைக்கா அரசின் ஆர்டர் ஆஃப் டிஸ்டிங்ஷன் (கமாண்டர் நிலை).
• 2022 – பிரவுன் பல்கலைக்கழகத்தின் மதிப்புறு முனைவர் பட்டம்.

எ. குழப்பம் தவிர்க்க

• '44/876' தலைப்பில், 44 பிரிட்டனின் தொலைபேசி நாட்டுக் குறியீடு. 876 ஜமைக்காவின் பகுதிக் குறியீடு. ஜமைக்காவின் நாட்டுக் குறியீடு +1.
• ஸ்டிங் இருவர்: தி போலீஸ் குழுவின் ஸ்டிங் ஆங்கிலேயர். 'ஓ கரோலினா' காலத்திலிருந்து ஷாகியின் தயாரிப்பாளரான "ஸ்டிங் இன்டர்நேஷனல்" என்பவர் ஷான் பிட்சோனியா.
• ரெகே இசை யுனெஸ்கோவின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது 2018 நவம்பரில். '44/876' வெளியானதும் அதே ஆண்டு ஏப்ரலில்.
• தமிழ்த் திரையில் ரெகே ஃப்யூஷன்: ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'லவ் பேர்ட்ஸ்' (1996) படத்தின் 'நோ பிராப்ளம்' பாடலில் ஒலிப்பது பர்மிங்காமின் அப்பாச்சி இந்தியன் குரல், ஷாகி அல்ல.

ஏ. பயிற்சி

1. கால வரிசைப்படுத்துக: (1) ஹாட் ஷாட் (2) பூம்பாஸ்டிக் (3) 44/876 (4) ஓ கரோலினா
2. பொருத்துக: (அ) இட் வாஸ்ன்ட் மீ (ஆ) ஏஞ்சல் (இ) ஓ கரோலினா – (1) ஃபோக்ஸ் பிரதர்ஸ் (2) வார் (3) ஸ்டீவ் மில்லர் பேண்ட்
3. கூற்று: 'ஓ கரோலினா' ஷாகியின் சொந்த மெட்டு. காரணம்: அது பிரிட்டனில் முதலிடம் பெற்றது.

விடைகள்: 1) 4, 2, 1, 3. 2) அ-2, ஆ-3, இ-1. 3) கூற்று தவறு, காரணமாகத் தரப்பட்ட செய்தி சரி.