முன் ஸ்ப்ரொக்கட்டின் ஒயில் சீலை வீட்டிலேயே மாற்றும் முறை

மோட்டார் சைக்கிள் எஞ்சினிலிருந்து தண்டு வெளியே வரும் இடங்களில் ஒயில் சீல் இருக்கும். தண்டு தடையில்லாமல் சுழல வேண்டும், உள்ளே உள்ள ஒயில் வெளியே வரக் கூடாது, வெளியே உள்ள சேறும் மழைநீரும் உள்ளே போகக் கூடாது. இந்த மூன்று வேலையையும் பார்ப்பது ஒரு சிறிய ரப்பர் வளையம். நூறு சிசி, நூற்றைம்பது சிசி நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் பெரும்பாலும் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் கிளச்சுக்கும் ஒரே ஒயில்தான் ஓடுகிறது. ஆகவே செயினை இழுக்கும் முன் ஸ்ப்ரொக்கட்டின் பின்னால் உள்ள சீல் கசிந்தால் குறைந்துகொண்டே போவது எஞ்சின் ஒயில். எஞ்சினில் மொத்தமே ஒரு லீற்றர் அளவு ஒயில் கொள்ளும் வண்டிக்கு இது சின்ன விஷயமல்ல.

இலங்கை மலையகத் தோட்டப் பாதைகளில் முதலில் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தச் சீல்தான். ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 வீதி தார் வீதி. அதை விட்டு ஏதாவதொரு டிவிஷனுக்குத் திரும்பினால் கல்லும் களிமண்ணும்தான். மழைக்காலத்தில் ஸ்ப்ரொக்கட் மூடிக்குள் சேறு அடைந்து, செயின் கிறீசோடு கலந்து, மணல் கலந்த களிம்பாகிவிடுகிறது. அந்தக் களிம்பு சீலின் உதட்டையும் தண்டையும் நாள் முழுக்க அரைக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில், சனவரி, பெப்ரவரி மாதங்களில் சில இரவுகளில் தேயிலைக் கொழுந்து கருகும் அளவுக்கு உறைபனி விழும். பழசாகிப்போன ரப்பர் அந்தக் குளிரில் இன்னும் இறுகும். வண்டிகளின் வயதும் ஒரு காரணம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டியையே ஓட்டினார்கள். 2022இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்று பங்கீடு இருந்தபோது பல வண்டிகள் லயத்து வாசலில் நாள்கணக்கில் நின்றன. ஓடாமல் நிற்கும் வண்டியிலும் சீலின் உதடு தண்டோடு ஒட்டிக் காயும்.

கசியும் ஒயிலைச் செயின் வாரிச் சுழற்றி வீசும். அது பின் டயரில் பட்டால், கினிகத்தேனை இறக்கத்து வளைவில் மழை நேரத்தில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

முதல் வேலை, கசிவது எது என்று கண்டுபிடிப்பது. கியர் லீவர் தண்டின் சீல், மெக்னட் மூடியின் கேஸ்கட், நியூட்ரல் சுவிட்ச் ஆகியவற்றில் எது கசிந்தாலும் ஒயில் வழிந்து வந்து சேர்வது ஒரே மூலையில்தான். செயினுக்குக் கழிவு ஒயில் பூசும் பழக்கம் இருந்தால் அதுவும் அங்கேதான் தெறித்திருக்கும். ஸ்ப்ரொக்கட் மூடியைக் கழற்றி, அந்த இடத்தை மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் கொண்டு கழுவித் துடைத்துக் காயவிட வேண்டும். பிறகு முகத்துக்குப் போடும் பவுடரைச் சுற்றிலும் மெல்லத் தூவி, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால், வெள்ளைப் பவுடரில் ஈரக் கோடு எங்கிருந்து தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். செயின் சுழலும்போது கை, துணி, பவுடர் டப்பா எதுவும் அருகில் போகக் கூடாது.

சீல்தான் கசிகிறது என்று உறுதியான பிறகும் இரண்டு விஷயத்தைப் பார்க்க வேண்டும். ஒன்று ஒயில் அளவு. அளவுக்கு மேல் ஊற்றியிருந்தால் நல்ல சீலும் கசியும். மற்றது எஞ்சின் மூச்சுவிடும் பிரீதர் குழாய். அதன் நுனி சேற்றாலோ குளவி கட்டிய மண்ணாலோ அடைபட்டால், உள்ளே சேரும் அழுத்தம் ஒயிலைப் பலவீனமான உதட்டின் வழியாகத் தள்ளும். குழாயைச் சுத்தம் செய்ததோடு கசிவு நின்ற வண்டிகளும் உண்டு.

அடுத்தது சீல் வாங்குவது. டயகமவிலோ பொகவந்தலாவையிலோ வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு, கையில் பழைய சீலோடு டவுணுக்கு பஸ் ஏறுவது வீண் அலைச்சல். சீலைக் கழற்றாமலே அதன் முகத்தைத் துடைத்தால் 20×35×7 என்பதுபோல மூன்று எண்கள் தெரியும். முதலாவது தண்டின் விட்டம், இரண்டாவது சீல் உட்காரும் குழியின் விட்டம், மூன்றாவது சீலின் தடிப்பு, எல்லாம் மில்லிமீற்றரில். எழுத்து அழிந்திருந்தால் வண்டியின் மாடலையும் ஆண்டையும் சொல்லிக் கேட்கலாம், அல்லது வேர்னியரால் தண்டையும் குழியையும் அளக்கலாம். பழைய சீலின் உள்துளையை அளக்கக் கூடாது. உதடு தண்டை இறுக்கிப் பிடிப்பதற்காக அந்தத் துளை தண்டைவிடச் சற்றுச் சிறிதாகவே செய்யப்பட்டிருக்கும். நிறத்தைப் பார்த்து ரப்பரின் தரத்தை முடிவு செய்யவும் முடியாது. வாங்கும்போது இரண்டாக வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். முதல் தடவை பொருத்துபவரின் கையில் ஒன்று கோணிப்போவது சகஜம்.

வேலைக்கு முன் எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி ஒயிலை இறக்க வேண்டும். ஒயில் புதிதாக இருந்தால் சுத்தமான ஏனத்தில் பிடித்து, மூடி வைத்து, திரும்ப ஊற்றலாம். கழிவு ஒயிலைத் தோட்டத்துக் கானில் ஊற்றவே கூடாது. மேல் லயத்துக் கானில் விழுவது கீழ் லயத்துப் பீலிக்குப் போய்ச் சேரும். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்து ஓயாக்கள் சேர்ந்துதான் களனி கங்கையாகின்றன. கொழும்பு குடிப்பது அந்தத் தண்ணீரை. கழிவு ஒயிலை போத்தலில் அடைத்து கராஜில் கொடுத்துவிடலாம்.

ஸ்ப்ரொக்கட்டின் போல்ட்டுகளைச் செயின் பூட்டியிருக்கும்போதே தளர்த்த வேண்டும். முதல் கியரில் போட்டு, ஒருவர் பின் பிரேக்கை மிதித்துக்கொண்டால் தண்டு சுழலாது. பிறகுதான் பின் சில்லைத் தளர்த்திச் செயினை எடுப்பது. செயின் லொக்கைக் கழற்றினால் அதன் கிளிப் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். சில வண்டிகளில் ஸ்ப்ரொக்கட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையே ஒரு உலோக வளையமும் அதற்குள் மெல்லிய ஓ வளையமும் இருக்கும். சீலின் உதடு அந்த உலோக வளையத்தின் மேல்தான் உட்காரும். ஓ வளையம் வெடித்திருந்தாலும் ஒயில் அதே இடத்தில்தான் வரும். பழி சீலின்மேல் விழும். இரண்டையும் ஒன்றாக மாற்றுவது நல்லது.

சேதம் நடப்பது பெரும்பாலும் பழைய சீலை எடுக்கும்போதுதான். சீலின் விலை சொற்பம். அதைச் சுற்றியுள்ள அலுமினியக் குழியும் அது உரசும் தண்டும்தான் விலை கூடியவை. தட்டை ஸ்குரூ டிரைவரைக் குழியின் ஓரத்தில் செருகிக் கிண்டினால் அலுமினியத்தில் கீறல் விழும். தண்டின் பக்கமாகச் செருகினால் உதடு உட்காரும் இடத்திலேயே வடு விழும். அப்படி விழுந்த கோடு எஞ்சின் உள்ளவரை ஒயிலுக்கு வாய்க்காலாகிவிடும்.

கழற்றுமுன் பழைய சீல் குழியின் விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். விளிம்போடு விளிம்பாக இருக்கலாம், ஒரு மில்லிமீற்றர் உள்ளேயும் இருக்கலாம். சில எஞ்சின்களில் சீலைப் பிடித்திருக்கும் தகடு ஒன்று இருக்கும். அதை முதலில் எடுக்க வேண்டும். வேறு சிலவற்றில் சீலின் உட்பக்கம் தடித்த விளிம்போடு இருப்பதால் எஞ்சினைப் பிளக்காமல் வெளியே வராது. அந்த மாதிரி வண்டியில் வீட்டு வேலை இத்தோடு நின்றுவிடும்.

மற்றவற்றுக்கு எளிய வழி இரண்டு சிறிய ஸ்குரூக்கள். சீலின் முகத்தில், உதட்டுக்கும் வெளி விளிம்புக்கும் நடுவில், ரப்பருக்கடியில் மெல்லிய இரும்புத் தகடு ஒன்று ஓடுகிறது. கூரான குத்தூசியை அங்கே வைத்து மெல்லத் தட்டினால் முதலில் ரப்பர் வழிவிடும், பிறகு தகரத்தைக் குத்துவதுபோல ஒரு சிறு ‘டுக்’ சத்தம் வரும். அங்கே நிறுத்திவிட வேண்டும். இன்னும் சில மில்லிமீற்றர் உள்ளே போனால் பெயரிங். துளையில் மரத்துக்கு அடிக்கும் சிறு ஸ்குரூவை இரண்டு சுற்று மட்டும் ஏற்றி, எதிர்ப்பக்கத்திலும் ஒன்று ஏற்றி, குறட்டால் மாறி மாறி நேராக இழுத்தால் சீல் அசைந்து அசைந்து வெளியே வரும். ட்ரில் பயன்படுத்தினால் இரும்புத் துகள் எஞ்சினுக்குள் போகும். அதைத் தவிர்க்க முடியாவிட்டால் நுனியில் கிறீஸ் பூசி, மூன்று மில்லிமீற்றருக்கு மேல் இறங்காதபடி ட்ரில் பிட்டில் டேப் சுற்றிக்கொள்ள வேண்டும். சீலைக் கொளுவி இழுக்கும் கருவி இருந்தால், நெம்பும் இடத்தில் அலுமினியத்தின் மேல் ஒரு மரத்துண்டை வைக்க வேண்டும்.

பழைய சீல் வந்ததும் தூக்கி எறியாமல் திருப்பிப் பார்க்க வேண்டும். உதட்டைச் சுற்றி நூல் தடிப்பில் ஒரு சுருள் கம்பி வளையம் இருக்கும். அது சீலோடு வரவில்லை என்றால் எஞ்சினுக்குள் கிடக்கிறது. தேடி எடுக்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

இப்போது தண்டைத் துடைத்து, உதடு உரசிய பளபளப்பான வளையத்தின் குறுக்கே நகத்தை இழுத்துப் பார்க்க வேண்டும். நகம் தடுக்காவிட்டால் கவலையில்லை. லேசான துரு இருந்தால் 600ஆம் நம்பர் எமெரித் தாளை நாடாவாகக் கிழித்து, ஒயில் தொட்டு, தண்டைச் சுற்றிய வாக்கில் தேய்க்கலாம். நீளவாக்கில் தேய்க்கக் கூடாது. குழியைத் துணியால் அடைத்துக்கொண்டு செய்ய வேண்டும். நகம் தடுக்கும் பள்ளம் இருந்தால், குழியில் இடமிருக்கும்பட்சத்தில் புதிய சீலை ஒரு மில்லிமீற்றர் தள்ளி உட்காரவைத்து உதட்டைப் புதிய இடத்தில் விழச் செய்யலாம். தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தும் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால் பெயரிங் போய்விட்டது என்று பொருள்.

புதிய சீலின் கம்பி வளையம் உள்ள பக்கம் எஞ்சினைப் பார்க்க வேண்டும், எண் எழுதிய பக்கம் வெளியே. உதட்டில் எஞ்சின் ஒயில் தடவி, இரண்டு உதடுள்ள சீலானால் நடுவே கொஞ்சம் கிறீஸ் வைக்க வேண்டும். உலர்ந்த உதடு முதல் ஓட்டத்திலேயே பொசுங்கும். தண்டின் முனையில் ஸ்ப்ரொக்கட் பூட்டும் பற்கள் கத்திபோல இருக்கும். அவற்றின் மேல் உதட்டை இழுத்தால் கிழியும். வழவழப்பான பால்மா பக்கெட் உறையில் ஒரு துண்டு வெட்டி, பற்களின்மேல் குழாய்போலச் சுற்றி, ஒயில் பூசி, அதன்மேல் சீலை வழுக்கி இறக்கினால் போதும். பிறகு உறையை உருவிவிடலாம். பனிக்காலக் காலை வேளையில் ரப்பர் விறைத்திருந்தால் சீலைக் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் சில நிமிடம் போட்டுத் துடைத்து எடுப்பதும் உதவும்.

சீலை விரலால் சுற்றிலும் ஒரே அளவாக அழுத்திக் குழியின் வாயில் உட்காரவைத்த பிறகே தட்ட வேண்டும். சுத்தியலால் நேரே அடிக்கக் கூடாது. ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் எழும். 35 மில்லிமீற்றர் சீலுக்கு 33, 34 மில்லிமீற்றர் வெளி விட்டமுள்ள சொக்கட் அல்லது நேராக அறுத்த பீவீசி குழாய்த் துண்டு பொருந்தும். அது தண்டில் முட்டாமல், சீலின் வெளி விளிம்பில் மட்டும் உட்கார வேண்டும். மெல்லத் தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் சுற்றிப் பார்த்து, எழுதிவைத்த ஆழம் வந்ததும் நிறுத்த வேண்டும். ஆழமாக இறக்கினால் சீல் பெயரிங்கோடு உரசும், அல்லது அதன் பின்னால் உள்ள ஒயில் துளையை அடைக்கும். சிலிக்கன் பசை சீலுக்குத் தேவையில்லை. குழியில் ஏற்கெனவே கீறல் இருந்தால் மட்டும் சீலின் வெளி விளிம்பில் மிக மெல்லியதாகப் பூசலாம். உதட்டில் பட்டால் சீலே வீண்.

பூட்டுவது கழற்றியதன் மறுதலை. செயினை மட்டும் அதிகம் இறுக்கக் கூடாது. வண்டியின் கைநூல் சொல்லும் தொய்வு, பல வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீற்றர், இருந்தே ஆக வேண்டும். இறுகிய செயின் தண்டை ஒரு பக்கமாக இழுத்துப் பெயரிங்கையும் புதிய சீலையும் சேர்த்துத் தின்னும். ஒயில் ஊற்றி மூன்று நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, அளவைச் சரிபார்த்து, பத்து கிலோமீற்றர் ஏற்றமும் இறக்கமுமாக ஓட்டி வந்து துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். முதல் நாள் தெரியும் ஈரம் நாம் வைத்த கிறீசாக இருக்கலாம்; இரண்டாம் நாளும் இருந்தால்தான் கசிவு.

மெக்னட்டுக்குப் பின்னால் உள்ள கிராங்க் சீலுக்கு இந்த முறை போதாது. மெக்னட்டைக் கழற்ற அதற்கான புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டினால் கிராங்க் தண்டு கோணும். பழைய டூ ஸ்ட்ரோக் ஆட்டோக்களில் கிராங்க் சீல் வெளிக்காற்றை உள்ளே விட்டால் கலவை மெலிந்து பிஸ்டனே பிடித்துக்கொள்ளும். அவை கராஜில் செய்ய வேண்டியவை. சரியாகப் பொருத்திய ஸ்ப்ரொக்கட் சீல் இரண்டே மாதத்தில் மறுபடியும் கசிந்தால், மூன்றாவது சீலுக்குச் செலவழிப்பதும் வீண். அந்த வண்டியில் மாற்ற வேண்டியது பெயரிங்.